மூணாறு தாங்குமா?

வார இறுதிக் கூட்டமும் ஒற்றைச் சாலையும்

சூரியநெல்லிக் கடைத்தெரு விடியற்காலை நாலு மணிக்கே விழித்துவிடுகிறது. சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். ஜீப்புகள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசை கட்டி நிற்கின்றன. சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ வெள்ளிக்கிழமை வேலை முடித்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நண்பர் கூட்டங்கள், பாதித் தூக்கம் கலையாமல் தேநீர்க் கடையைச் சுற்றி நிற்கின்றன. ஒருவன் கம்பளிக் குல்லா பேரம் பேசுகிறான். ஒருத்தி அறையிலேயே தூங்கிப்போன தோழியைப் போனில் எழுப்பிக்கொண்டிருக்கிறாள். ஜீப்புக்கு ஆறு பேர் என்று பிரித்த பிறகு மிஞ்சும் ஆளை எந்த வண்டியில் ஏற்றுவது என்று ஒரு பஞ்சாயத்து நடக்கிறது.

பிறகு ஏற்றம். அதைச் சாலை என்று சொல்ல முடியாது. உருட்டிப் போட்ட கற்கள், நடுவே டயர் தடம். உடம்பை உலுக்கி எடுத்த பிறகு ஜீப் கொழுக்குமலை முகட்டில் இறக்கிவிடுகிறது. கிழக்கே, காலுக்குக் கீழே மேகம் பரந்து கிடக்கிறது. அதன் விளிம்பு வெளுத்துச் சிவந்து, சூரியன் தலை காட்டும்போது ஒரே கூச்சல், ஒரே கைத்தட்டல். அந்த மேகத்துக்கு அடியில் இருப்பது போடியும் தேனியும். கேரளத்தில் ஜீப் ஏறிய கூட்டம் இறங்கி நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் வண்டி ஏறும் வழி சூரியநெல்லியிலிருந்துதான்.

வெயில் ஏறுவதற்குள் எல்லாரும் இறங்கிவிடுவார்கள். அடுத்து மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயின்ட், குண்டளை, டாப் ஸ்டேஷன். மறுநாள் இரவிகுளம். ஞாயிறு இரவு மலை இறங்கினால் திங்கள் காலை அலுவலகம். தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு இன்று மனப்பாடமான அட்டவணை இது. இதில் தப்பு ஒன்றுமில்லை. வாரம் முழுக்க வேலையில் பிழிந்தெடுக்கப்படும் ஒரு தலைமுறைக்கு, நண்பர்களின் தோளில் கைபோட்டு ஒரு மலை முகட்டில் நிற்கும் காலை வேண்டியதுதான். அந்தக் காலையை மூணாறு எப்படிச் சுமக்கிறது? யார் தோளில் வைத்துச் சுமக்கிறது?

முகட்டுக்கு அந்தப் பக்கம்

கொழுக்குமலையில் சூரியனைப் பார்த்து நிற்பவர்களின் கண்ணெதிரே இறங்கும் சரிவுதான் குரங்கணிக்குப் போகிறது. 2018 மார்ச் 10, சனிக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து இன்னொரு குழுவும் குரங்கணியிலிருந்து நடந்தே ஏறி, இரவு கொழுக்குமலையில் தங்கின. பெரும்பாலும் இளைஞர்கள், பெண்கள் பாதிக்கு மேல். ஞாயிறு மதியம் இறங்கிக்கொண்டிருந்தபோது கோடையில் காய்ந்து கிடந்த போதைப்புல்லில் தீ ஏறியது. ஆள் உயரப் புல், செங்குத்துச் சரிவு, மேல்நோக்கி வீசும் காற்று. எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் சிதறியவர்களில் பலர் பள்ளத்தில் விழுந்தார்கள். கீழேயிருந்து முதலில் ஏறி ஓடியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் மலைவாழ் மக்களும். விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. அன்றும் அதற்குப் பிறகு மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளை அடையாளம் கண்டு, இணையத்தில் பதிவு, பயிற்சி பெற்ற வழிகாட்டி என்ற ஏற்பாட்டோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலையின் பிள்ளைகள். காட்டுத் தீக் காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. ஆறு வருடம் கழித்து வந்தாலும் இது நல்ல ஏற்பாடு. ஒரு மலைக்கு எத்தனை பேர் போகலாம், எந்த மாதம் போகக் கூடாது, யார் கூட வரவேண்டும் என்று கணக்கு வைத்தால்தான் மலையும் பிழைக்கும், மனிதரும் பிழைப்பார்கள் என்பதை 23 உயிர்களைக் கொடுத்து நாம் கற்றிருக்கிறோம்.

அந்தக் கணக்கு இன்னும் மூணாறின் வண்டிச் சாலைக்கு வரவில்லை.

ஊட்டியில் கணக்கு உண்டு, இங்கே இல்லை

சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது: கோடைப் பருவத்தில் நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 சுற்றுலா வண்டிகள், சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கும் உள்ளூர் வண்டிக்கும் விளைபொருள் ஏற்றும் வண்டிக்கும் விலக்கு. வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்களுடைய கவலையிலும் நியாயம் உண்டு. ஆனாலும், ஒரு மலைக்கு ஒரு தாங்கும் திறன் இருக்கிறது என்ற பேச்சு அரசாங்கக் காகிதத்துக்குள் வந்துவிட்டது. அதுவே பெரிய காரியம்.

மலை எல்லைக்கு அந்தப் பக்கம் மூணாறுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. ஊட்டிக்கு அனுமதி கிடைக்காத டெம்போ டிராவலர் அடுத்துத் தேடும் பெயர் மூணாறு. போடி வழியாக வந்தால் தேசிய நெடுஞ்சாலை 85, உடுமலை வழியாக வந்தால் சின்னாறு காட்டுச் சாலை. இரண்டும் மூணாறு ஊருக்குள் வந்து ஒரே கடைத்தெருவில் முட்டுகின்றன. கொச்சியிலிருந்து வரும் கூட்டமும் அதே இடத்தில்தான் வந்து சேர்கிறது. மூன்று ஆறுகள் கூடும் ஊர் என்பதால் வந்த பெயர் மூணாறு. பூஜை விடுமுறை, ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் நாட்களில் மூன்று திசை வண்டிகளும் கூடி நகராமல் நிற்கும் ஊர் அது.

[பெட்டிச் செய்தி] மலை வந்த வழி

1877-இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார் ஜான் டேனியல் மன்றோ. 1880-களில் தேயிலை வேரூன்றியது. 1897-இல் கண்ணன் தேவன் மலை உற்பத்திக் கம்பெனி பிறந்தது. பின்னால் ஃபின்லே, டாடா என்று கை மாறி, 2005 முதல் தொழிலாளர்களும் பங்குதாரர்களாக உள்ள கம்பெனி தோட்டங்களை நடத்துகிறது.

காட்டை அழித்துத் தேயிலை நட, கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கூட்டி வந்தார்கள். 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராட்டம் நடந்தது. இரண்டும் கேரளத்தில் நின்றன. இன்றும் மூணாறு கடைவீதியில் தமிழ் பேசியே எல்லா வேலையும் முடித்துக்கொள்ளலாம்.

1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி 1908-இல் சிறு ரயிலாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், மூணாறையும் டாப் ஸ்டேஷனையும் இணைத்தது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழித் தடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடி போய்ச் சேர்ந்தன. 1924 வெள்ளம் ரயிலையும் ஊரையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. ரயில் திரும்பி வரவேயில்லை.

மாட்டுப்பட்டிச் சாலையில் யார் யார்?

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் 32 கிலோமீட்டர். அட்டவணையில் இருக்கும் பாதி இடங்கள் இந்த ஒரே சாலையில்தான் வருகின்றன. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் அணை நீர் அல்லது பள்ளம். எதிரெதிரே இரண்டு பேருந்து வந்தால் ஒன்று ஒதுங்கித்தான் ஆகவேண்டும். அணையருகே யானைக் கூட்டம் மேய வந்துவிட்டால் முன்னால் போகும் வண்டி நின்றுவிடும். கதவைத் திறந்து இறங்கி எல்லாரும் படம் எடுப்பார்கள். பின்னால் ஒரு கிலோமீட்டருக்கு வண்டி நிற்கும்.

அந்த வரிசையில் சுற்றுலா வண்டிகள் மட்டும் இருப்பதில்லை. கொழுந்து மூட்டைகளைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் டிராக்டர் இருக்கிறது. பறித்த கொழுந்து நேரத்தோடு போய்ச் சேராவிட்டால் சூடேறிக் கருகிவிடும். எஸ்டேட் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ஜீப் இருக்கிறது. வட்டவடையிலிருந்து கேரட்டும் பூண்டும் ஏற்றி வரும் சரக்கு வண்டி இருக்கிறது. பிரசவ வலியோடு ஒரு பெண் ஏதோ ஒரு வண்டியில் இருக்கலாம். மூணாறில் எஸ்டேட் மருத்துவமனை உண்டு. அதற்கு மேல் வைத்தியம் வேண்டுமென்றால் இடுக்கி, கோட்டயம் அல்லது தேனிக்கு மலை இறங்கவேண்டும். சுற்றுலா வந்தவருக்கு இரண்டு மணி நேர நெரிசல் என்பது ஒரு இடம் குறைவது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருப்பவருக்கு அது எதுவாகவும் ஆகலாம்.

வருகிறவர்களுக்கும் இந்தச் சாலை இரக்கம் காட்டுவதில்லை. 2025 பிப்ரவரி 19 அன்று, நாகர்கோவிலிலிருந்து கல்லூரிச் சுற்றுலா வந்த மாணவர்களின் பேருந்து குண்டளை நோக்கிப் போகும்போது எக்கோ பாயின்ட் அருகே கவிழ்ந்தது. மூன்று பேர் இறந்தார்கள். சமவெளியில் எத்தனை ஆண்டு வண்டி ஓட்டியிருந்தாலும் மலையின் இறக்கமும் வளைவும் தனிப் பாடம். இரவெல்லாம் விழித்து ஓட்டி வந்து, ஓய்வில்லாமல் அன்று பகலும் ஓட்டுகிறார் பெரும்பாலான குழுக்களின் ஓட்டுநர். இரண்டு நாளில் எட்டு இடம் பார்க்கவேண்டும் என்று நாம் போடும் அட்டவணை அவருடைய கண்ணில்தான் ஏறி உட்காருகிறது. மலைப்பயணம் திட்டமிடும் நண்பர் குழு முதலில் பேசவேண்டிய விஷயம் ஓட்டுநரின் தூக்கம். தங்கும் இடம் பதிவு செய்யும்போதே அவருக்கும் ஒரு கட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். மூணாறைச் சுற்றிலும் பல விடுதிகளில் அவர்கள் வண்டியிலேயேதான் முடங்கிக் கிடக்கிறார்கள்.

சாலையை அகலப்படுத்தினால் தீராதா என்று கேட்கலாம். மூணாறு–போடிமெட்டு 42 கிலோமீட்டர் சாலை அகலமாகி 2024 ஜனவரியில் திறந்தது. கண்ணுக்கு அழகான சாலை, சந்தேகமில்லை. ஆனால் அதற்காக மலையைக் குடைந்தபோது அதன் கேப் ரோடு பகுதியில் 2019, 2020 ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் பாறை சரிந்தது. வேலையில் இருந்த தொழிலாளர் உயிர் போனது. கீழே இருந்த விவசாய நிலம் கல்லும் மண்ணுமாய் மூடிப்போனது. அதே நெடுஞ்சாலையில் அடிமாலி அருகே கூம்பன்பாறையில் 2025 அக்டோபர் 25 இரவு, சாலை வேலை நடந்த இடத்துக்கு மேலே மண் சரிந்து வீடுகள் புதைந்து ஒருவர் இறந்தார். மலையை வெட்டிக்கொண்டே போய் நெரிசலைத் தீர்க்க முடியாது. அகலமான சாலை இன்னும் அதிக வண்டிகளை அழைத்து வந்து அதே குறுகிய கடைத்தெருவில்தான் கொட்டும்.

பெட்டிமுடி

வரையாடு பார்க்கப் போகிறவர்கள் இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலைக்கு வனத்துறைப் பேருந்தில் போவார்கள். அதே மலையில் இன்னும் உள்ளே போனால் பெட்டிமுடி. நேமக்காடு எஸ்டேட்டின் ஒரு டிவிஷன். கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தான இடமலைக்குடிக்கு, முதுவர்களின் குடிகளுக்கு, அந்த வழியாகத்தான் போகவேண்டும்.

2020 ஆகஸ்ட் 6. நாட்கணக்காக விடாத மழை. இரவு பத்தரை மணியைத் தாண்டியதும் மேலே மலை உடைந்தது. பாறையும் மண்ணும் தண்ணீரும் லய வரிசைகளின் மேல் இறங்கின. உள்ளே இருந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் இல்லை, செல்பேசிக் கோபுரம் வேலை செய்யவில்லை. வெளியுலகத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது மறுநாள் காலைதான். மூணாறுக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையே இருக்கும் பெரியவரைப் பாலம் 2018 வெள்ளத்தில் போனது. அதற்குப் பதிலாக வைத்திருந்த தற்காலிகப் பாலமும் அந்த மழையில் அறுந்துகிடந்தது. மண் அள்ளும் இயந்திரங்களும் ஆம்புலன்சும் ஆற்றைக் கடக்கத் தவித்தன. 70 பேர் போனார்கள். அதில் நாலு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்கள். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. ஊரில் இருந்த சொந்தங்கள் ஊரடங்குக் காலத்தில் எல்லை தாண்டி வரப் பட்ட பாடு தனிக் கதை. மறுநாள் இரவு கோழிக்கோடு விமான விபத்து நடந்தது. அங்கே இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம், பெட்டிமுடிக்கு ஐந்து லட்சம் என்று அரசு அறிவித்தபோது மூணாறு மக்களின் நெஞ்சு இன்னொரு முறை உடைந்தது.

பெட்டிமுடியைச் சுற்றுலாக் கூட்டம் உண்டாக்கவில்லை. அப்படிச் சொல்வது பொய். மழையும், சரிவின் கீழே நூறாண்டு முன் கட்டிய லயங்களும், பாலம் இல்லாத ஆறும் சேர்ந்து உண்டாக்கிய சாவு அது. ஆனால் பெட்டிமுடி நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. இந்த மலையில் ஒரு சாலையும் ஒரு பாலமும்தான் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கின்றன. தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டும் இழுத்தடித்த பாலம் அது. இதே மலையில் விடுதிக்கும் கண்ணாடிப் பாலத்துக்கும் சாகச விளையாட்டுக்கும் பணமும் வேகமும் எங்கிருந்தோ வந்துவிடுகின்றன.

லயத்துப் பிள்ளையின் ஜீப்

சரி, கூட்டத்தை நிறுத்திவிடலாமா? அப்படிச் சொல்கிறவர் ஒரு முறை லயத்துக்குள் போய்ப் பார்க்கவேண்டும்.

ஒரு அறை, ஒரு சமையல் கட்டு, ஒரு திண்ணை. வேலையில் இருக்கும் வரைதான் அந்த வீடு. ஓய்வு பெற்றால், அல்லது பிள்ளைகளில் ஒருவர் எஸ்டேட் வேலைக்கு வராவிட்டால், காலி செய்ய வேண்டும். மூன்று நான்கு தலைமுறை இந்த மண்ணில் உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை. பூர்வீக ஊரிலும் ஒன்றும் மிச்சமில்லை. 2015 செப்டம்பரில் போனஸை இருபது சதவீதத்திலிருந்து பாதியாகக் குறைத்தபோது, தொழிற்சங்கங்களை ஒதுக்கிவிட்டுப் பெண்களே தெருவில் இறங்கினார்கள். பெம்பிளை ஒருமை என்று அந்தக் கூட்டுக்குப் பெயர் வைத்தார்கள். அன்று கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள் கூலி 232 ரூபாய். ஒன்பது நாள் மூணாறு ஸ்தம்பித்தது. நெடுஞ்சாலை மறிபட்டது, கடைகள் மூடின, சுற்றுலா வண்டிகள் திரும்பின. இருபது சதவீதம் கிடைத்தது. பிறகு கூலி 301 ஆனது. கேட்டது 500.

அந்தப் போராட்டத்தில் மறிக்கப்பட்ட சாலையும் நாம் அட்டவணை போட்டுப் போகும் சாலையும் ஒன்றுதான். பெண்கள் தங்களுடைய வலிமையை எங்கே காட்டமுடியும் என்று சரியாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். தேயிலை நின்றால் கம்பெனிக்கு மட்டும் வலிக்கும். சாலை நின்றால் மாநிலத்துக்கே வலிக்கும்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பையன் எஸ்டேட்டுக்குப் போக மறுத்து, கடன் வாங்கி ஒரு ஜீப்போ ஆட்டோவோ எடுக்கிறான். தங்கை ஹோம்ஸ்டேயில் வரவேற்பு மேசையில் உட்காருகிறாள். ஓய்வு பெற்ற அம்மா ஃபோட்டோ பாயின்ட்டில் சோளம் சுட்டு விற்கிறாள். லயத்தைவிட்டு வெளியே வர அவர்களுக்குக் கிடைத்த முதல் கதவு சுற்றுலா. அதனால்தான் அதில் யார் கை வைத்தாலும் பதற்றம் வருகிறது. 2025 பிப்ரவரியில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் மூணாறில் இரண்டடுக்குச் சுற்றுலாப் பேருந்து விட்டபோது உள்ளூர் ஓட்டுநர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். செயலி வழியாக டாக்சி அமர்த்திய பயணிகளைத் தடுத்த சம்பவங்களும் நடந்தன. அதே ஆண்டு இறுதியில் மும்பைப் பெண் ஒருவர் தனக்கு நேர்ந்ததைக் காணொளியாகச் சொன்னபின் காவல் துறை நடவடிக்கை எடுத்தது. பயணியை மிரட்டுவது ஒருபோதும் நியாயம் ஆகாது. அந்த மிரட்டலுக்குப் பின்னால் இருக்கும் பயத்தைப் புரிந்துகொள்ளாமல் அதற்குத் தீர்வும் வராது.

பணம் எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம். பெரிய விடுதியின் அறை வாடகை மலையைவிட்டு இறங்கிக் கொச்சிக்கும் இன்னும் தூரத்துக்கும் போய்விடுகிறது. ஜீப் கூலியும் சோளக் காசும் மட்டும் மலையில் தங்குகின்றன. எத்தனை பேர் வருகிறார்கள் என்ற எண்ணிக்கையைக் குறைத்து, வருகிறவர் எத்தனை நாள் தங்குகிறார், யாரிடம் செலவழிக்கிறார் என்பதைக் கூட்டினால் இந்தப் பிள்ளைகளுக்கு நட்டம் வராது. ஞாயிறு இரவோடு காலியாகும் ஊரில், செவ்வாய்க்கிழமையும் ஒரு ஜீப்புக்குச் சவாரி கிடைக்கவேண்டும்.

படையப்பாவும் பாட்டில்களும்

மூணாறில் ரஜினியின் படப் பெயரைச் சுமந்து திரிகிறது ஒரு கொம்பன் யானை. படையப்பா. நீண்டு வளைந்த தந்தம், நிதானமான நடை. சாலை நடுவே நின்று பேருந்தை மறிப்பான், பெட்டிக்கடையைப் பிரித்து மேய்வான். கல்லாறு குப்பைக் கிடங்கில் காய்கறிக் கழிவைத் தின்னப் போய், கூடவே பிளாஸ்டிக்கையும் உள்ளே தள்ளுகிறான். அந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது என்று சொல்லவேண்டியதில்லை. சாலையில் அவன் வரும்போது ஆரன் அடிப்பதும், விளக்கடிப்பதும், காணொளிக்காகக் கிட்டே போவதும் நம் ஆட்கள்தான். அன்று நாம் போய்விடுகிறோம். சீண்டப்பட்ட யானை அன்று இரவு நிற்பது லயத்து வாசலில்.

சின்னக்கானலின் அரிக்கொம்பனைத் தமிழ்நாடு மறந்திருக்காது. ரேஷன் அரிசிக்காகக் கடையையும் வீட்டையும் உடைத்தவனை 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்தில் கம்பம் தெருவில் வந்து நின்றான். ஜூன் 5 அன்று மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். யானை நடந்த வழியில் விடுதியும் குடியிருப்பும் முளைத்தால் யானையை லாரியில் ஏற்றி ஊர் ஊராகச் சுமக்கத்தான் வேண்டியிருக்கும்.

கட்டடங்களின் கதை பழையது. 2007-இல் அச்சுதானந்தன் அரசு மூணாறில் ஆக்கிரமிப்புகளை இடித்தது. சில வாரங்களில் அரசியல் குறுக்கே வந்தது. 2010-இல் கேரள உயர்நீதிமன்றம் இங்குள்ள கிராமங்களில் கட்டடம் கட்ட வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும் என்றது. அதற்குப் பிறகும் பள்ளிவாசல், ஆனச்சால், சின்னக்கானல் சரிவுகளில் அடுக்குமாடிகள் எழுந்ததைச் சாலையில் போகிற எவரும் பார்க்கலாம். அதே நீதிமன்றத்தின் உத்தரவால் 2025 அக்டோபர் 2 முதல் மூணாறு உள்ளிட்ட மலைத் தலங்களில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. சட்டம் இருக்கிறது. போடியில் வாங்கிய தண்ணீர் பாட்டிலோடு மலை ஏறும் நம் கையில்தான் அதன் உயிர் இருக்கிறது.

[பெட்டிச் செய்தி] கிளம்பும் முன்

சென்னை சென்ட்ரலிலிருந்து வாரத்தில் மூன்று நாள் போடிநாயக்கனூருக்கு ரயில் இருக்கிறது. 2023 ஜூனில் தொடங்கியது. போடியிலிருந்து பேருந்திலோ உள்ளூர் வண்டியிலோ மலை ஏறினால் இரவெல்லாம் யாரும் கண் விழித்து ஓட்டத் தேவையில்லை. உடுமலை–மூணாறு சாலை ஆனைமலை, சின்னாறு காடுகளுக்குள் போகிறது. இரவில் கட்டுப்பாடு உண்டு, பகலில் போனால் மறையூரில் வெல்லம் காய்ச்சுவதையும் கல் முனியறைகளையும் பார்க்கலாம்.

இரவிகுளம் பூங்கா வரையாடு குட்டி போடும் பருவத்தில், வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில், மூடியிருக்கும். மற்ற மாதங்களில் இணையத்தில் சீட்டு எடுத்துக்கொண்டு போவது நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கனமழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். முன்பணம் போனால் போகட்டும். இடுக்கி மாவட்ட நிர்வாகம் சாலை மூடல்களை அறிவிக்கிறது. தேயிலைத் தோட்டம் ஒருவருடைய வேலையிடம். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். யானை நின்றால் வண்டியை நிறுத்தி, உள்ளேயே இருங்கள்.

2030-க்குள்

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 1994, 2006, 2018. கடைசியாகப் பூத்த ஆண்டில் வெள்ளம் வந்து மூணாறைத் துண்டித்தது. காத்திருந்த கூட்டத்தில் பெரும்பகுதி வரவே முடியவில்லை. அடுத்த பூப்பு 2030. இடையில் சாலை அகலமாகியிருக்கிறது, போடிக்கு ரயில் வந்திருக்கிறது, ஒவ்வொரு கையிலும் ஒளிப்படக் கருவி இருக்கிறது. இரண்டு முறை பூத்ததற்கான கூட்டம் ஒரே பருவத்தில் வரும் என்று இப்போதே எதிர்பார்க்கலாம். அது கட்டாயம் ஆகஸ்ட், செப்டம்பரில், மழைக் காலத்தின் மேலேயே வந்து விழும்.

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இரவிகுளத்தில் ஏற்கெனவே நடக்கிறது: சொந்த வண்டியை வாசலில் விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில் ஏறவேண்டும், நாளுக்கு இத்தனை பேர் என்று கணக்கு. அதை மாட்டுப்பட்டி, டாப் ஸ்டேஷன் சாலைக்கு விரிக்கலாம். மூணாறு ஊருக்கு வெளியே வண்டி நிறுத்தம், அங்கிருந்து உள்ளூர் ஜீப்பும் அரசுப் பேருந்தும். அந்த ஜீப்புகளுக்குக் கூட்டுறவுச் சங்கம், நிர்ணயித்த கட்டணம், முறைவைத்துச் சவாரி. இதில் லயத்துப் பையனின் கடன் தவணையும் அடையும், மும்பைப் பயணியும் நிம்மதியாக ஊர் போவார். ஆம்புலன்சுக்கும் கொழுந்து டிராக்டருக்கும் வழி கிடைக்கும்.

போடிமெட்டும் சின்னாறும் இரண்டு மாநிலங்களின் சோதனைச் சாவடிகள். தமிழ்நாடு தன் பக்கத்தில் ஊட்டிக்கும் கொடைக்கும் செய்ததைக் கேரளம் தன் பக்கத்தில் செய்ய, இரண்டு அரசுகளும் சேர்ந்து உட்கார வேண்டும். தேனி, இடுக்கி, திருப்பூர் மாவட்ட ஆட்சியர்கள் ஒரே மேசையில் பேசினால் முடியக்கூடிய வேலை இது. அந்த மேசையில் பஞ்சாயத்துத் தலைவர்கள், ஜீப் ஓட்டுநர்கள், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களோடு எஸ்டேட் பெண்களுக்கும் நாற்காலி போடவேண்டும். எந்தச் சரிவு எந்த மழைக்கு அசையும், எந்தப் பாலம் எத்தனை நாள் தாங்கும் என்று தினமும் அந்தப் பாதையில் நடக்கிறவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. 2027 கோடைக்குள் ஒரு வார இறுதியில் சோதனை ஓட்டம் நடத்திப் பார்த்தால், குறைகளைத் திருத்திக்கொள்ள மூன்று ஆண்டு கையில் இருக்கும்.